முடித்தேன் என்ற ஒரு சொல்

தோர்சிலா அதோயோவுக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தோரு வருஷமாக ஏரிக்கரை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். லுவோ மொழியில் வருவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் வருவதை லுவோவில் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் "நான்" என்றால் அவளும் "நான்" என்றுதான் சொல்லியாக வேண்டும். அப்படி எத்தனையோ மாடு திருடியிருக்கிறாள், கள்ளச் சாராயம் காய்ச்சியிருக்கிறாள், இரண்டு முறை மாமியாரை அடித்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் வீங்கின காலை வெந்நீரில் வைக்கும்போது, தன் சொந்தப் பேச்சு என்று இன்று ஒரு வார்த்தையாவது பேசினோமா என்று யோசிப்பாள். பெரும்பாலும் இருக்காது.

ஓய்வு பெற இன்னும் மூன்று வாரம். குமாஸ்தா ஒபுண்டோவுக்கு அதைச் சொல்லிக் காட்டாமல் பொழுது போகாது.

"என்ன அலேகோ ஊர்ப் பொண்ணே, முடிக்கப் போறியா, முடியப் போறியா?"

"வாயைக் கழுவுடா. நீ முடிஞ்சப்புறம்தான் நான் முடிவேன்."

அவன் கேலி அர்த்தமில்லாத கேலி அல்ல. லுவோக்காரர்களுக்கு முடிவதைச் சொல்ல ரெண்டு சொல் உண்டு. ஒன்று "ஒரூமோ". சர்க்கரை தீர்ந்தால், மழை ஓய்ந்தால், ஒரு குடும்பமே நோயில் போய்ச் சேர்ந்தால், எல்லாம் ஒரூமோ. தானாக முடிந்தது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இன்னொன்று "தியேகோ". இதில் ஒரு ஆள் இருக்கிறான், அவன் முடிக்கிறான். பாத்தியைக் களையெடுத்து முடித்தவனும் "அத்தியேகே" என்பான், கோழியின் கழுத்தைத் திருகினவனும் "அத்தியேகே" என்பான். முடித்தேன். எதை, யாரை என்று கேட்டால், அந்தக் கடைசி "ஏ" சத்தத்துக்குள்தான் அதுவும் இருக்கிறது, அவனும் இருக்கிறான், அவளும் இருக்கிறாள். கேட்கிறவன்தான் ஆளைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வியாழக்கிழமை ஒகாடாவின் வழக்கு வந்தது. பங்காளி ரபூருவைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. ரபூரு ஓடைப் பள்ளத்தில் தலை உடைந்து கிடந்தான். பார்த்த சாட்சி கிடையாது. அரசுத் தரப்பு வைத்திருந்தது ஒரே ஒரு காகிதம். பதினோரு மாதத்துக்கு முன்னால் கீழ்க்கோர்ட்டில் ஒகாடா கொடுத்த வாக்குமூலம். "வேலித் தகராறு வெகுநாளாக இருந்தது. அன்று மாலை ரபூருவின் வீட்டுக்குப் போனேன். அவனை முடித்தேன்." கீழே அவன் கைநாட்டு. அதற்கும் கீழே தோர்சிலாவின் கையெழுத்து.

அந்த நாள் அவளுக்குச் சரியாக நினைவில்லை. அன்றைக்கு அது பன்னிரண்டாவது வழக்கு என்பது மட்டும் நினைவிருந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஒகாடா கூண்டில் ஏறினான். சிறைச்சாப்பாட்டில் கழுத்து எலும்பு தெரிந்தது. நீதிபதி நாட்டின் வேறொரு கோடியிலிருந்து வந்த அம்மாள். ஒகாடாவின் வக்கீல் மலைப்பக்கத்துக்காரர். அரசு வக்கீலையும் சேர்த்து இவர்கள் யாருக்கும் லுவோ தெரியாது. அன்று மாலை என்ன நடந்தது என்று வக்கீல் கேட்டார்.

"வேலி விஷயமா ஒரு வருஷமா முகம் கொடுத்துப் பேசல, அம்மா," என்று ஒகாடா தோர்சிலாவைப் பார்த்தே சொன்னான். "எனக்கே அலுத்துப்போச்சு. பொடிமீன் கொஞ்சம் எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பொஞ்சாதி களி கிண்டி வச்சா. ரெண்டு பேரும் ஒரே தட்டுல கைவச்சோம். சிரிச்சான். அவ்வளவுதான், முடிச்சிட்டேன்."

அத்தியேகே.

தோர்சிலா வாயைத் திறந்தாள். "அதை முடித்தேன், அந்தச் சண்டையை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதே சொல். இதே ஆள். வாக்குமூலம் கொடுத்த அன்றைக்கு இவன் முன்வாக்கியத்தில் ரபூருவின் பெயரைச் சொன்னான். ஆங்கிலத்தில் 'அதை' என்றோ 'அவனை' என்றோ ஒன்றை வைத்தே ஆக வேண்டும். பக்கத்தில் கிடந்தது ரபூருவின் பெயர். 'அவனை' என்று தூக்கி வைத்துவிட்டாள். எழுதினதை அவனுக்கு வாசித்துக் காட்டினதும் அவள்தான். "அவனை முடித்தேன்" என்ற ஆங்கிலத்தை லுவோவுக்குத் திருப்பினால் மறுபடியும் அத்தியேகேதான். பாவிப்பயல் தலையாட்டிக் கட்டைவிரலை வைத்திருக்கிறான்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "வாக்குமூலத்தில் 'அவனை' என்று இருக்கிறது, மை லேடி. சிறையில் உட்கார்ந்து யோசித்துக் கதையை மாற்றுகிறார்."

நீதிபதி எழுதிக்கொண்டே, "மாற்றினீரா என்று அவரைக் கேளுங்கள்" என்றார்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அவன் மாற்றவில்லை என்பான், அதை அப்படியே சொல்லலாம், நீதிபதி நம்பமாட்டார். இன்னும் மூன்று வாரம். முப்பத்தோரு வருஷத்தில் அவள் பேரில் ஒரு குறை எழுதப்பட்டதில்லை. பிரிவுபசார விழாவுக்கு ஒபுண்டோ கேக்குக்குக்கூடச் சொல்லிவிட்டான். உடம்பெல்லாம் அசதி. நின்றுகொண்டே தூங்கிவிடலாம் போல இருந்தது.

"நான் தவறு செய்தேன்," என்றாள் ஆங்கிலத்தில்.

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "இன்னும் அவரை நீங்கள் கேட்கவே இல்லையே."

"அவரில்லை, மை லேடி. நான்."

"புரியவில்லை. இது குற்றம்சாட்டப்பட்டவரின் வார்த்தையா, உங்கள் வார்த்தையா?"

"என் வார்த்தை. அவர் அன்றும் இன்றும் ஒரே சொல்லைத்தான் சொன்னார். அதில் அவனும் உண்டு, அதுவும் உண்டு. அன்றைக்கு எனக்குக் களைப்பு. நின்று கேட்காமல் ஒன்றை எடுத்துப் போட்டேன். வாசித்துக் காட்டியதும் நானே. அந்தக் காகிதத்தில் கொலை செய்திருப்பது நான்தான்."

அறையில் யாரோ இருமினார்கள். ஒபுண்டோ தலை குனிந்துகொண்டான். நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு படித்தார். வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படாது. வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரணை வரும் புதன்கிழமை தொடரும். இந்த மொழிபெயர்ப்பாளர் இன்றோடு இந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவர் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அவர் கையெழுத்திட்ட பழைய வாக்குமூலங்கள் அனைத்தும் எடுத்துப் பார்க்கப்படும்.

அனைத்தும். எத்தனை பேர் இப்படி அவள் வாசித்ததற்குத் தலையாட்டியிருப்பார்களோ.

ஒகாடாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காவலர் தோளைத் தொட்டதும் பயந்துபோய் அவள் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா ஆச்சு? முடிஞ்சுதா?"

இந்தக் கேள்வியை முப்பத்தோரு வருஷமாகக் கேட்கிறாள். எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். ஆள் நகர்ந்தால் போதும் என்று அவளும் எல்லாருக்கும் ஒரூமோ, ஒரூமோ என்றே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"இல்லப்பா," என்றாள். "உன்னோடது இனிமேதான் ஆரம்பிக்குது. இத்தனை நாளா அவங்க கேட்டது உன் பேச்சில்ல."

"அப்ப யாரு பேச்சு?"

"என்னோடது," என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். "அதை முடிச்சிட்டேன்."