பட்டாபிராமன் நடத்திய ஒற்றைக்கால் டியூஷன்

பொழிச்சலூரில் பட்டாபிராமனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய மொட்டைமாடியைத் தெரியாதவர்கள் கிடையாது. வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, இலாகா பதவி உயர்வுத் தேர்வு என்று எதை எழுதப் போகிறவரும் ஒரு தடவையாவது அந்த மாடிப்படி ஏறி இறங்கியிருப்பார். பகலில் அவர் கிண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சாயங்காலம் வேட்டிக்கு மாறிவிட்டால் பரீட்சைகளின் பரம வைரி. இதற்காக யாரிடமும் ஒரு வெற்றிலை பாக்குகூட வாங்கியதில்லை. "பாஸாயிட்டேன் சார்" என்ற ஒரு வார்த்தை காதில் விழவேண்டும், அவ்வளவுதான். அது விழுந்த அன்று அவருக்கு இரண்டு கரண்டி சாதம் கூடுதலாக இறங்கும்.

உலகத்தில் கஷ்டமான பரீட்சை என்று ஒன்று கிடையாது, கேள்வி தெரியாத பரீட்சைதான் உண்டு என்பது அவர் கட்சி. டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, இலாகாத் தேர்வு எல்லாவற்றையும் பழைய கேள்வித்தாள்களைக் கரைத்துக் குடித்துத்தான் தாண்டினார். பெண் பார்க்கப் போனபோதுகூட, பெண்ணின் அப்பா என்னென்ன கேட்பார் என்று முன்கூட்டியே ஆள்விட்டு விசாரித்துக்கொண்டு போனாராம். அவர் மனைவி அபிதகுஜாம்பாள் இதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை பிரணவ் விஷயத்தில்தான் அவர் வித்தை பலிக்கவில்லை. பிரணவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாயைத் திறந்தால் கெட்டிக்காரன். மீனம்பாக்கத்தில் இறங்க வருகிற விமானம் வீட்டு மாடிக்கு மேலே தாழப் பறக்கும்போது, வால் நிறத்தைப் பார்த்தே அது யாருடைய விமானம் என்று சொல்வான். ஆனால் சட்டைப் பொத்தான் எப்போதும் ஒரு ஓட்டை தள்ளித்தான் விழும். சமதரையில் தடுக்கி விழுவான். பென்சிலைப் பிடித்தால் அழுத்துகிற அழுத்தில் முனை ஒடியும், இல்லாவிட்டால் தாள் கிழியும். எழுத்துக்கள் கோட்டை விட்டு ஏறி இறங்கி, சந்தைக்குப் போகிற கூட்டம் மாதிரி எந்தப் பக்கமாவது போகும்.

பட்டாபிராமன் இதற்குக் கண்டுபிடித்த மருந்து இன்னும் நிறைய எழுதவைப்பது. தினமும் பள்ளிக்கூட வேலை முடிந்தபிறகு தனியாக ஒரு பக்கம். பிள்ளை அழாமல் எழுதுவான், பாவம். எழுத்து மட்டும் அசைந்துகொடுக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில், அரைப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், வகுப்பாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். "இவனுக்கு ஒரு ஆக்குபேஷனல் தெரபி அசெஸ்மென்ட் பண்ணிட்டு ரிப்போர்ட் கொண்டு வாங்க சார். அதைப் பார்த்துட்டு என்ன பண்ணலாம்னு முடிவு பண்ணிக்கலாம்."

கையும் கண்ணும் காலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, அன்றாட வேலைகளில் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று விளையாட்டாகவே பார்த்துச் சொல்லும் பரிசோதனை அது. ஆசிரியை அதையும் பொறுமையாகச் சொல்லி, பரிசோதனை நிலையத்தில் கொடுக்க ஒட்டிய உறையில் ஒரு கடிதமும் கொடுத்தார். பட்டாபிராமன் காதில் ஏறவில்லை. ரிப்போர்ட்டில் குறை என்று ஒரு வரி இருந்தால் போதும், டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று தீர்மானித்துவிட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்திவிடுவார்களோ என்ற பயம் வந்துவிட்டால் எந்த அப்பனுக்குத்தான் புத்தி நேராக ஓடும்? அவருக்கு அது எப்போதும் ஓடுகிற தடத்திலேயே ஓடியது. பரீட்சை என்றால் கேள்வித்தாள் என்று ஒன்று இருந்தே தீரவேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த நிலையம். நாள் குறித்துக்கொண்டு வரும் சாக்கில் தனியாகப் போனார். வெளி பெஞ்சில் கோவளத்துக்காரி அங்காளம்மா தன் மகள் சக்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் மீன் விற்று முடித்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தவள். பட்டாபிராமன் மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உள்ளே என்னதான் கேட்பார்கள் என்று விசாரித்தார்.

"அது ஒண்ணியும் பேஜார் இல்ல சார். உள்ள நிஷான்னு ஒரு பொண்ணு கீது, தங்கமான பொண்ணு. மொதல்ல குச்சிய ஓட்டைல சொருவ சொல்லும். அப்பால மணி கோக்கணும். அப்பால ஒத்தக் கால்ல நிக்கணும், பந்து புடிக்கணும், சொக்காவுக்குப் பட்டன் போடணும். அவ்ளோதான்."

"உங்க பொண்ணு எல்லாம் பண்ணித்தாம்மா?"

"எங்க சார்! மணிய எட்து வாய்ல போட்டுகிச்சு. அத்தயும் அந்தப் பொண்ணு எழுதிகிச்சு." அங்காளம்மா சத்தமாகச் சிரித்தாள். "வாரத்துக்கு ரெண்டு தபா இட்டார சொல்லிகீது. ஊஞ்சல்ல வச்சு இன்னான்னாமோ செய்யுது. இப்ப சோத்த தானே அள்ளித் துன்னுது சார் எம் பொண்ணு!"

பிள்ளை ஃபெயிலானதை இப்படிச் சந்தோஷமாகச் சொல்கிறாளே என்று பட்டாபிராமன் அவளுக்காகப் பரிதாபப்பட்டார். ஆனால் ஐந்து கேள்வியும் வரிசையாக மனசில் பதிந்துவிட்டன.

மறுநாளே மொட்டைமாடியில் புது வகுப்பு தொடங்கியது. தெர்மாகோல் அட்டையில் ஓட்டை போட்டுத் தீக்குச்சி சொருகும் பயிற்சி. பூஜை சாமான் கடை மணியைக் கயிற்றில் கோக்கும் பயிற்சி. அவருடைய பழைய ஆபீஸ் சட்டையைத் தூணில் மாட்டிப் பொத்தான் பயிற்சி. பந்தைப் பிரணவுக்குப் பிடிக்க வரவில்லை. எங்கே, எவ்வளவு மெதுவாகப் போட்டால் அவன் கையில் வந்து விழும் என்று பட்டாபிராமன்தான் கற்றுக்கொண்டார். ஒற்றைக்காலில் நிற்பதுதான் பெரும்பாடு. கால் தூக்கினால் ஆள் சாய்ந்தான். கடைசியில் ஒரு யுக்தி பிடிபட்டது. விமானம் வரும்போது அதையே பார்த்துக்கொண்டு காலைத் தூக்கவேண்டும், அது கண்ணுக்கு மறைகிறவரை இறக்கக்கூடாது. பிரணவ் இதில் சொக்கிப்போனான். விமானத்துக்காகவாவது நின்றான்.

துணி உலர்த்த வந்த அபிதகுஜாம்பாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி யாராவது ஜுரத்தைக் குறைச்சுண்டு போவாளா?" என்று கேட்டாள்.

"ஜுரம் வேற, பரீட்சை வேற. உனக்குத் தெரியாது, நீ பேசாம இரு."

"எனக்குத் தெரியாதுதான். உங்களுக்குத் தெரிஞ்சா சரி," என்று சொல்லிவிட்டு அவள் துணிக்குக் கிளிப் மாட்டப் போனாள்.

குறித்த நாளில் அப்பாவும் பிள்ளையும் ஸ்கூட்டரில் போய் இறங்கினார்கள். நிஷா சின்னப் பெண்தான். பிள்ளையோடு தானும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். பட்டாபிராமனுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி. அவர் அதன் நுனியில் உட்கார்ந்து, உதட்டை அசைக்காமல் சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குச்சிகள் கடகடவென்று ஓட்டைகளில் ஏறின. நிஷா புருவத்தை உயர்த்தினாள். மணிகள் ஒன்றுகூடச் சிதறாமல் கயிற்றில் ஏறின. நிஷா பள்ளிக்கூடத்துக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தாள். அவள் தலை நிமிர்வதற்குள் பிரணவ் தானாக எழுந்து, விட்டத்தைப் பார்த்தபடி வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கண்ணா, நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றாள் நிஷா.

"அடுத்தது இதுதான் மிஸ்."

நிஷா திரும்பிப் பட்டாபிராமனைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த நாட்காட்டியை அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார். பிரணவின் கால் வெடவெடவென்று நடுங்கியது, முகம் சிவந்தது, ஆனாலும் நின்றான்.

"போதும் கண்ணா, காலை இறக்கு."

"பிளேன் போகட்டும் மிஸ்."

நிஷாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். பிரணவ் தொப்பென்று விரிப்பில் விழுந்து, அவனும் சிரித்தான். சிரிக்காதவர் பட்டாபிராமன் ஒருவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

நிஷா அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "சார், இதை வச்சுப் பார்த்தா இவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அப்படியே ரிப்போர்ட் எழுதிடட்டுமா?"

"எழுதிடுங்கோ மேடம்! தாராளமா எழுதிடுங்கோ!" பட்டாபிராமனுக்குத் தலைகால் புரியவில்லை. டி.சி. ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

"எழுதினா என்ன ஆகும்னு சொல்லிடறேன். கஷ்டம் இருக்குன்னு வந்தா, இங்க வாரத்துக்கு ரெண்டு நாள் கைக்குப் பயிற்சி கொடுப்போம். ஸ்கூல்ல எழுதறதைக் குறைச்சுப்பாங்க, பரீட்சைக்குக் கூடுதலா நேரம் கொடுப்பாங்க. அதுக்குத்தான் அந்த டீச்சர் ரிப்போர்ட் கேட்டிருக்காங்க, லெட்டர்லயே போட்டிருக்காங்களே. கஷ்டம் இல்லைன்னு எழுதிட்டா இது எதுவும் கிடைக்காது. மத்த பசங்க மாதிரி இவனும் எல்லாத்தையும் எழுதிடணும்."

பட்டாபிராமனின் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் பிரணவ் ஓடிவந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, பாஸாயிட்டேனா?"

"ம்."

"அப்போ இனிமே எழுதினா கை வலிக்காதா?"

பட்டாபிராமன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பாஸானால் வலி போய்விடும் என்று நம்பித்தான் இந்தப் பிள்ளை மாடியில் வெயிலில் நின்றிருக்கிறான். அப்பா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் செய்தது அதற்காகத்தான். கை வலிக்கிறது என்பதே இத்தனை நாளும் அவருக்குத் தெரியாது. தினமும் கூடுதலாக ஒரு பக்கம் எழுதவைத்தது யார் என்பது நன்றாகத் தெரியும்.

எழுந்து நின்றார். ஆபீஸில் மேலதிகாரி முன்னால்கூட அவர் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

"மேடம், அதை எழுதாதேங்கோ. கொஸ்சன் பேப்பர் லீக்காயிடுத்து."

"தெரியும் சார்," என்றாள் நிஷா. "இந்தக் கட்டடத்து மேல பிளேன் போறதில்லை."

பட்டாபிராமன் முகத்தில் அசடு வழிந்தது. வழிந்த அசட்டோடு எல்லாவற்றையும் சொன்னார், தெர்மாகோல் முதல் தூணில் மாட்டிய சட்டைவரை. நிஷா கோபித்துக்கொள்ளவில்லை. குச்சியையும் மணியையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இப்ப புதுசா ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன். நீங்க வாயைத் திறக்கக்கூடாது, கையையும் காட்டக்கூடாது."

பட்டாபிராமன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். வாழ்க்கையில் அவர் எழுதிய எந்தப் பரீட்சையும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

ஈரத் துண்டைப் பிழியச் சொன்னாள் நிஷா. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னாள். பிரணவ் அதை வயிற்றில் முட்டுக்கொடுத்து மல்லாடிப் பார்த்துவிட்டு, ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்து, "வரலை மிஸ்" என்றான். அந்த வீட்டில் அதுவரை சொல்லக்கூடாத வார்த்தை அது. அப்பாவின் தலை மட்டும் ஆடியது, சொல்லுடா, இன்னும் சொல்லு என்கிற மாதிரி. அதன்பிறகு பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது. கத்தரிக்கோல் வரலை, கோட்டின் மேல் பின்பக்கமாக நடக்க வரலை, லேஸ் கட்ட வரவே வரலை என்று பாட்டாகவே பாடினான். நான்கு வரி எழுதச் சொன்னபோது இரண்டாவது வரியிலேயே பென்சிலை வைத்துவிட்டு விரல்களை உதறினான்.

நிஷா எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுச் சொன்னாள். "சோம்பேறித்தனம் எதுவும் இல்லை சார். விரல்ல பலம் பத்தலை, அதனால தோள்லேர்ந்து இழுத்து எழுதறான். மெதுவா சரி பண்ணலாம், நாளாகும். அதுவரைக்கும் வீட்ல எழுத வைக்காதீங்க. சப்பாத்தி மாவு பிசைய விடுங்க, துணி கிளிப் மாட்ட விடுங்க."

"ஜுரத்தைக் குறைச்சுண்டு டாக்டர்கிட்ட போவாளான்னு என் ஆத்துக்காரி அப்பவே கேட்டா," என்றார் பட்டாபிராமன்.

கீழே இறங்கி ஸ்கூட்டர் பக்கத்தில் வந்ததும் பிரணவ் கேட்டான். "அப்பா, நான் ஃபெயிலா?"

"ஆமாண்டா கண்ணா. எல்லாத்துலயும்."

"நீ திட்டவே இல்லையே?"

"என்னைத்தாண்டா திட்டணும்." பட்டாபிராமன் ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குனிந்தார். "இத்தனை நாளா கை வலிக்கறதுன்னு ஏண்டா சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையேப்பா," என்றான் பிரணவ், சாதாரணமாக.

வேளச்சேரி சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. பட்டாபிராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட்டார்.

"இப்போ வலிக்கறதா?" என்று கேட்டார்.

"இல்லை. பசிக்கறது," என்றான் பிரணவ்.