டயர் கடை மாடி ஜெயசித்ரா

பெரம்பலூர் துறையூர் சாலையில் ராசாங்கம் டயர் கடை எது என்று கேட்டால் கைக்குழந்தையும் கையை நீட்டிக் காட்டும். அந்த ராசாங்கம் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். புளியமரத்து நிழலில் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்து, இன்றைக்கு மாடி வைத்த கட்டடம் கட்டியிருக்கிறேன். அப்பன் சொத்து ஒரு செங்கல் கிடையாது. ஜெயசித்ராவைப் பற்றி எழுத இவன் யார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஜெயசித்ரா என் கட்டடத்து மாடியில் வாடகைக்கு இருக்கிறவள். சர்ச், முதியோர் இல்லம், ரத்ததானக் குழு என்று பொதுக்காரியம் செய்கிறவர்களுக்கு வெப்சைட் செய்து தருவது அவள் தொழில். டவுனில் இடம் தேடி அலைந்தபோது, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு இல்லை என்று அனுப்பியவர்கள் உண்டு. நானும் அந்த மாதிரித் தெருவில் பிறந்தவன்தான். மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தேன்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. ஒரு வெப்சைட்டைச் செய்து முடித்ததும் கீழே வந்து என் கையில் போனைக் கொடுப்பாள். "பெரியப்பா, ஞாயித்துக்கிழம பூசை எத்தன மணிக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்பாள். அப்புறம் வாய் திறக்க மாட்டாள். என் கட்டைவிரல் எங்கே போகிறது, எங்கே தடுமாறி நிற்கிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தடுமாறினால் குற்றம் வெப்சைட்டின் பேரில்தான், என் பேரில் இல்லை. மாடிக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவாள். டயர் மாற்ற வரும் லாரி டிரைவர்களிடமும் இதே பரீட்சைதான். ஆனால் முதல் பரீட்சை எனக்கு. ராசாங்கம் விரல் படாமல் அவள் செய்த வெப்சைட் எதுவும் வெளியே போனதில்லை என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

போன வருஷம் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. மீன்சுருட்டிப் பக்கம் ஒரு மாதாகோயில். அதை ஒட்டிக் கன்னியர்கள் நடத்தும் பெண்பிள்ளைகள் விடுதி. கரும்பு வெட்ட வெளியூர் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கும். ஜெயசித்ராவே அங்கே வளர்ந்தவள்தான். அவள் அப்பன் தங்கசாமியும் அம்மா வீரம்மாளும் கரும்புக் காட்டில் கிடந்த காலத்தில், அந்த விடுதிதான் அவளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தது. வரவரப் பிள்ளைகள் குறைந்துபோய், ஜூன் மாதத்துக்குள் போதுமான பிள்ளைகள் சேராவிட்டால் விடுதியை மூடிவிடுவோம் என்று தலைமை மடம் சொல்லிவிட்டது. லீவிலும் போக இடமில்லாமல் அங்கேயே இருந்த தமிழ்மொழி என்ற பிள்ளைக்கு, விடுதி மூடினால் ஒன்பதாவதோடு படிப்பு முடிந்தது. அடுத்து அவள் கைக்கு வருவது வெட்டரிவாள்தான்.

மாதாகோயிலுக்கு ஒரு பழைய வெப்சைட் இருந்தது. திறந்தவுடன் பாட்டுச் சத்தம், ஓடுகிற எழுத்து, அந்தக் காலத்திலிருந்து இருந்த சாமியார்களின் படம் வரிசையாக. விடுதியைப் பற்றி அடியில் ஒரு மூலையில் இங்கிலீஷில் ஒரு விண்ணப்பப் பாரம். புதிதாகச் செய்யக் கூப்பிட்ட கமிட்டிக்காரர்கள், அந்தப் படங்களில் ஒன்றுகூடக் குறையக் கூடாது, கமிட்டியின் படமும் சேர வேண்டும் என்றார்களாம். திருவிழா பேனருக்கும் வெப்சைட்டுக்கும் அவர்களுக்கு வித்தியாசம் இல்லை.

ஜெயசித்ரா அவர்களை ஒன்றுதான் கேட்டாள். இதைப் பார்க்கப் போகிறவர் எங்கே நின்றுகொண்டு பார்ப்பார்? பதிலையும் அவளே சொன்னாள். கரும்புக் காட்டில், அழுக்குக் கையோடு, வெயிலில் திரை சரியாகத் தெரியாமல் பார்ப்பார். பங்குச் சாமியார் நல்ல மனுஷன். தன் படத்தைத் தானே எடுத்துவிடச் சொன்னார். கமிட்டியும் மற்ற படங்களை விட்டுக்கொடுத்தது.

முதல் பக்கத்தில் பூசை நேரமும் வழியும் வைத்தாள். கீழே விடுதியின் கட்டில், டிரங்குப் பெட்டி, சாப்பாட்டுத் தட்டு இவைதான் படம். பிள்ளைகளின் முகத்தை ஊருக்குக் காட்ட மாட்டேன் என்று பிடிவாதம். படிக்கத் தெரியாதவர்களுக்காக, விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சாந்தா சிஸ்டரின் குரலையே பதிந்து வைத்தாள். அதற்கடியில் பெரிய பச்சைப் பட்டன். அழுத்தினால் நேரே சிஸ்டருக்குப் போன் போகும். நான் முதல் அழுத்திலேயே கண்டுபிடித்தேன். கரும்பு வெட்ட ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரிகள் வழியாக வாட்ஸப்பில் அது ஊர் ஊராகப் போயிற்று.

போயிற்றே தவிர, ஒரு பிள்ளையும் வரவில்லை. பட்டனைப் பலபேர் அழுத்துகிறார்கள் என்று அவள் கம்ப்யூட்டர் காட்டுகிறது. யாரும் பேசவில்லை என்கிறார் சிஸ்டர். ஜெயசித்ரா தன் போனிலிருந்து அழுத்திப் பார்த்தால் சிஸ்டர் உடனே எடுக்கிறார். நாலு நல்ல டயர், எஞ்சினும் நல்ல எஞ்சின், வண்டி மட்டும் நகரவில்லை என்றால் எப்படி இருக்கும்? அந்த நிலைமை. அவள் சாப்பாட்டையே மறந்தாள். கடைசியில் என் காரை நான்தான் எடுத்தேன். அரியலூர், ஜெயங்கொண்டம் தாண்டி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

விடுதி வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் மடியில் போன் ஒரு தடவை அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரு சிஸ்டர்?" என்றாள் ஜெயசித்ரா.

"லோன் வேணுமான்னு கேக்குறவனுங்கம்மா. தெரியாத நம்பரை எடுக்காதீங்கன்னு மடத்துல சொல்லியிருக்காங்க. நாள் பூரா இப்படித்தான், ஒரு ரிங் அடிச்சு வச்சிடுறானுங்க."

ஜெயசித்ரா டம்ளரைக் கீழே வைத்தாள். "லோன்காரன் வைக்க மாட்டான் சிஸ்டர். எடுக்குற வரைக்கும் அடிப்பான். ஒரு ரிங்கோட வச்சிட்டுக் காத்திருக்கிறது எங்கம்மா மாதிரி ஆளுங்க."

போனை வாங்கி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, அந்த நம்பரையே திருப்பி அடித்தாள். பின்னால் டிராக்டர் இரைச்சல். ஒரு பெண்குரல்.

"ஆரு, சிஸ்டரம்மாவா? கோவிச்சுக்காதீங்க. பெரியவங்களுக்கு ரெண்டாவது ரிங் விடக் கூடாதுன்னு வச்சிட்டேன்."

சிஸ்டர் ஜெயசித்ராவையே பேசச் சொல்லிக் கையைக் காட்டினார். ஜெயசித்ராதான் பேசினாள். "சொல்லுங்கக்கா. எத்தனாவது படிக்குது பாப்பா?"

"ஏழாவது போவணும். நீங்களே கூப்பிடுவீங்கன்னு போனை இடுப்புலயே சொருவி வச்சிருக்கேன். எடம் இருக்குங்களா?"

"எடம் இருக்குக்கா. கூட்டிட்டு வாங்க."

அப்புறம் நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சிஸ்டர் போனில் அந்த மாதிரி நம்பர் அடுக்கடுக்காகக் கிடந்தது. ஜெயசித்ராவின் நம்பர் பெயரோடு பதிந்திருந்ததால் மட்டும் உடனே எடுத்திருக்கிறார். சிஸ்டர் ஒவ்வொன்றாகத் திருப்பி அடித்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் மன்னிப்புக் கேட்டது சிஸ்டர்தான். எதிரில் இருப்பவர்கள், நீங்க போயி அப்படிச் சொல்லலாமா என்று பதறினார்கள். தமிழ்மொழி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கட்டிவைத்திருந்த பெட்டியைப் பிரித்துத் துணியைக் கொடியில் போட்டாள்.

விடுதி மூடவில்லை. ஜூனில் பாய் பற்றாமல் வாங்கிப் போட்டார்கள். வெயிலோடு வெயிலாக நான் காரை எடுக்காவிட்டால் இது நடந்திருக்குமா என்று கேட்பேன். ஜெயசித்ரா சிரிப்பாள், இல்லையென்று சொல்ல மாட்டாள்.

அன்றைக்குத் திரும்பும்போது அரியலூரில் நிறுத்தச் சொல்லி, பரோட்டா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் போனை என் கையில் கொடுத்தாள். பச்சைப் பட்டனுக்கு அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "ஒரு ரிங் விடுங்க. நாங்களே கூப்பிடுறோம்."