அக்காவின் பூசணிகள்: கூருக்கு இரண்டு நாள்

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதிய பயணங்கள் எல்லாம் விரும்பிப் போனவை. இது அப்படியல்ல. சென்ற நவம்பரில் என் அக்கா சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் இறந்தார். திதி பார்த்ததில் ஆட்டைத்திவசம், அதாவது முதலாவது ஆண்டு நினைவுச் சடங்கு, இந்த ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முதல்நாளே வரச் சொல்லி அத்தான் தொலைபேசியில் அழைத்தார். தோட்டத்துப் பூசணிகள் முற்றிவிட்டன, உறைபனி விழுவதற்குள் எடுத்துவிட வேண்டும், திவசப் படையலுக்கு அந்தப் பூசணியில்தான் கறி வைக்கப்போகிறேன் என்றார். அவர் அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னதிலேயே அது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று விளங்கியது.

இலையுதிர்காலத்தில் அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்குப் பயண விவரங்களையும் தருகிறேன். வீட்டுத்தோட்டத்தில் பூசணி வைக்கிறவர்கள் மீதியையும் வாசியுங்கள்.

நான் இருக்கும் ஊஸ்டரிலிருந்து சூரிச் பிரதான நிலையத்துக்குக் கால் மணி நேரம். அங்கிருந்து கூருக்கு நேரடி ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அரைக்கட்டண அட்டை இருந்தால் ஒரு வழிக்கு இருபது பிராங்குக்குச் சற்று மேலே வரும். முன்கூட்டியே வாங்கினால் இன்னும் குறையும். இடப்பக்க யன்னலில் இருங்கள். முதலில் சூரிச் ஏரி, பிறகு வாலன் ஏரி, இரண்டும் அந்தப் பக்கம்தான். வாலன் ஏரிக்கு அப்பால் மலைகள் நீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும். படங்களில் பார்த்தால் மிகைப்படுத்தியது போலிருக்கும். நேரிலும் அப்படித்தான் இருக்கிறது. அன்று மலையடிவாரம் வரை மூடுபனி. அதைக் கடந்து மையன்ஃபெல்ட் பக்கம் வந்ததும் வெயில் அடித்தது. திராட்சைத் தோட்டங்கள் மஞ்சளாகிக் கிடந்தன. பண்ணை வாசல்களில் ஆளில்லாத வண்டில்களில் பூசணிகளை அடுக்கி, விலை எழுதி, பக்கத்தில் காசுப்பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். இந்த நாட்டு இலையுதிர்காலத்தின் வழக்கமான காட்சி.

கூரில் இறங்கிப் பேருந்தில் பத்து நிமிடம், பிறகு ரைன் ஆற்றுப் பக்கமாகச் சிறிது நடை. அங்கேதான் வீட்டில் நிலமில்லாதவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. இங்கே ஷ்றேபர்கார்ட்டன் என்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்னக் கொட்டில், ஒரு தண்ணீர்ப் பீப்பா. எந்த வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதற்குக்கூட விதி உண்டு. அக்காவின் துண்டு பதினான்கு வருடங்களாக அவர்களிடம் இருக்கிறது.

அக்கா முதலில் ஊரிலிருந்து வந்த பூசணி விதையைத்தான் போட்டார். இரண்டு வருடம் கொடி ஓடியது, பூத்தது. காய் முற்றுவதற்குள் குளிர் வந்துவிட்டது. மூன்றாம் வருடம் இங்கத்தைய சந்தையில் வாங்கிய சின்ன உருண்டைப் பூசணி ஒன்றின் விதையை எடுத்து வைத்தார். அது பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒக்டோபரிலும் நல்ல காயாகப் பார்த்து, விதையைக் கழுவி, கடதாசியில் பரவி, சமையலறை யன்னலோரம் காய வைப்பார். கடைசியாக அப்படிச் செய்தது இறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன்பு. அந்த விதைகளைத்தான் அத்தான் இந்த மே மாதம் நட்டிருந்தார்.

நான் போனபோது அவர் காய்களை வெட்டிக் கொட்டிலுக்கு முன்னால் பலகையில் அடுக்கியிருந்தார். பன்னிரண்டு காய்கள். மருத்துவமனைச் சமையலறையில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறவர். அடுக்குவதில் ஒரு ஒழுங்கு இருக்கும். சில காய்கள் வழக்கமான செம்மஞ்சள். சிலவற்றில் பச்சை வரி ஓடியிருந்தது. இந்த முறை ஒரு புது அழகு வந்திருக்கு, பார்த்தீரோ என்று கேட்டார். பார்த்தேன். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் வந்தவுடன் குறை சொல்கிறவள் என்ற பெயர் எனக்கு ஏற்கனவே உண்டு, பேசாமல் இருந்தேன்.

முழுப் பூசணியை முதலில் பெண்கள் வெட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அக்காவுக்கு இருந்தது, ஆகவே அந்தத் தோட்டத்தில் அதுதான் சட்டம். அத்தான் பச்சை வரி ஓடிய ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து, நிறம் பார்க்கும்படி நீட்டினார். நல்ல நிறம். ஓரத்தில் ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டேன்.

பாகற்காயின் கசப்பு மெதுவாக ஏறும். இது நாக்கில் பட்ட உடனேயே தொண்டை வரை இறுகியது. துப்பிவிட்டுப் பீப்பாவடிக் குழாயில் வாயைக் கொப்பளித்தேன்.

"என்ன, கைக்குதோ?"

"ஓம் அத்தான். இதைச் சமைக்கேலாது."

அவர் சிரித்தார். "பாவக்காயைப் பொரிச்சும் தின்னுவம், பச்சையாயும் தின்னுவம். இந்தக் கைப்புக்கு நீர் பயப்பிடுறீர். படிச்ச ஆக்களோட தோட்டம் செய்யேலாது."

வேலிப் பக்கம் பார்த்தேன். பக்கத்துத் துண்டு ரூத்துடையது; ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய வேலி முழுக்கச் சின்னச் சின்ன அலங்காரப் பூசணிகள் தொங்கின. பச்சை வரி ஓடியவை, கழுத்து வளைந்தவை, முண்டு முண்டாகத் தடித்தவை. மேசையில் அழகுக்கு வைக்கிற காய்கள், சாப்பிடுவதற்கல்ல. இவை போன வருடமும் இருந்தனவா என்று கேட்டேன். போன வருடம்தான் முதன்முதல் நட்டவர் என்றார் அத்தான்.

நான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவள். இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், படித்தது எப்போதாவதுதான் உதவுகிறது. அன்று உதவியதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. அத்தானுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அலங்காரப் பூசணியும் இங்கே நாங்கள் சாப்பிடும் பல பூசணி வகைகளும் ஒரே இனம். தேனீ ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் கொண்டுபோய் வைக்கும். அந்த வருடத்துக் காயின் சுவை மாறாது. போன வருடம் அக்காவின் பூசணி நன்றாகத்தான் இருந்தது, நானும் சாப்பிட்டேன். மாற்றம் அதன் விதைக்குள் இருந்தது. அந்தக் கசப்பு நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. கசப்பு உடம்புக்கு நல்லது என்று வளர்ந்த எங்களைப் போன்றவர்கள்தான் இதைத் துப்பாமல் விழுங்கிவிடுவோம்.

அத்தான் பிளந்த காயைப் பலகையில் வைத்தார். கத்தியைத் துடைத்தார்.

"அப்ப எல்லாமோ?"

எல்லாம் என்று சொல்ல முடியாது. ஒரே காயின் விதைகளிலும் சில கலந்திருக்கும், சில கலந்திருக்காது; கொடிக்குக் கொடி வித்தியாசப்படும். ஆனால் எந்தக் காய் எந்தக் கொடியில் காய்த்தது என்று இப்போது தெரியாது. பார்வைக்கும் தெரியாது. ஒவ்வொன்றாக வெட்டி நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அவர் வெட்டினார். நான் ருசி பார்த்துத் துப்பினேன். பச்சை வரி இல்லாத செம்மஞ்சள் காய்களும் கசந்தன. ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை அசைத்ததும் காயை வாளிக்குள் போட்டார். ஒரு கட்டத்தில், "முகத்தைச் சுளியாதையும், நான் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளுறன்" என்றார். அதற்குப் பிறகு நான் குனிந்தபடியே சொன்னேன்.

கடைசியில் இரண்டு காய்கள் கசக்கவில்லை. இனித்தன. அக்காவின் பூசணிதான். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

ரூத்துக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்றார் பிறகு. நான் சரி என்றேன். வாளியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை ரூத்துக்கும் ஒரு காய் கொடுத்திருக்கிறார்.

ரூத் அன்று தோட்டத்தில்தான் இருந்தார். அத்தான் வேலியடிக்குப் போய், மருத்துவமனைச் சமையலறையில் பழகிய ஜெர்மனில், அந்தப் பூசணியைச் சாப்பிட்டுவிட்டாரா என்று கேட்டார். இல்லை, இன்றிரவு சூப் வைக்கத்தான் என்றார் ரூத். சாப்பிட வேண்டாம், கசக்கிறது, எறிந்துவிடுங்கள் என்றார் இவர். ஏன் என்று ரூத் கேட்டார். அத்தான் வேலியில் தொங்கிய காய்களைப் பார்த்தார். பிறகு, இந்த வருடம் மலிவாகக் கடையில் வாங்கிய விதை, பழுது என்றார்.

அக்காவின் விதைக்கு அவர் வைத்த பெயர் அது.

ரூத் வருத்தப்பட்டார். அடுத்த முறை நல்ல கடையில் வாங்கச் சொன்னார். பிறகு நாளைய நினைவு நாளுக்கென்று தன் அலங்காரக் காய்களில் அழகானவற்றைப் பறித்து ஒரு கூடையில் தந்தார். அத்தான் இரண்டு கைகளாலும் வாங்கினார்.

திரும்பி வந்தபோது என் முகத்தில் ஏதோ கண்டிருக்க வேண்டும். "உம்மட அக்காதான் கேட்டவ" என்றார். "அந்த வேலி வெறுமையாக் கிடக்குது, வடிவான காய் ஏதும் நடுங்கோ எண்டு. ரூத் அதுக்காகத்தான் நட்டவ. இதை நான் எப்பிடிச் சொல்லுறது?"

ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு காய்களையும் அவரே சமைத்தார். தேங்காய்ப்பாலும் கடுகும் சேர்த்து, அக்கா வைப்பது போல. படத்துக்கு முன்னால் படைத்தபோது ரூத்தின் கூடையையும் பக்கத்தில் வைத்தார். வந்தவர்கள் பூசணிக்கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அவவின்ர கைப்பக்குவம் அப்படியே இருக்கு என்று ஒருவர் சொன்னார். வில் நகரிலிருந்து வந்திருந்த இன்னொருவர், அடுத்த வருடம் நடத் தனக்கும் கொஞ்சம் விதை தரச் சொன்னார். பார்ப்பம் என்று மட்டும் அத்தான் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு சமையலறைக்குப் போனேன். அந்த இரண்டு காய்களின் விதைகளையும் கழுவி, கடதாசியில் பரவி, யன்னலோரம் வைத்திருந்தார்.

"இது இனிச்ச காயின்ர விதைதானே" என்றார்.

அந்தக் காய்களின் கொடி பூத்தபோது சுற்றிவரக் கசப்புக் கொடிகள்தான் பூத்திருந்தன. வேலியில் ரூத்தின் கொடிகளும். நான் அதை விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். அவர் ஏற்கனவே விளங்கிக்கொண்டிருந்தார். கேத்திலில் தண்ணீர் வைத்தார். விதைகளை ஒரு கிண்ணத்துக்கு மாற்றினார். அப்படியே குப்பையில் போட்டால் எங்காவது முளைத்துவிடும், கொதிதண்ணீர் ஊற்றினால் முளைக்காதுதானே என்று கேட்டார். முளைக்காது என்றேன். ஊற்றினார். கொஞ்ச நேரம் சமையலறை முழுக்க அவித்த பூசணி மணம்.

இதே காலத்தில் இந்தப் பக்கம் போக நினைக்கிறவர்கள் சனிக்கிழமை காலை ரயிலில் போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு கூட்டம். பண்ணை வாசல்களில் பூசணி வாங்கச் சில்லறை கொண்டுபோங்கள். சாப்பிடும் காயும் அலங்காரக் காயும் ஒரே வண்டிலில் இருக்கலாம், எழுதியிருப்பதை வாசியுங்கள். வீட்டில் வளர்த்த பூசணியோ சுக்கினியோ எதுவானாலும், சமைக்க முன் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். வீணாகிறதே என்று விழுங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் அலங்காரக் காய் இருந்தால் விதை எடுத்து வைக்காதீர்கள், அந்த விதை யாருடையதாக இருந்தாலும்.

மாலை ரயிலுக்கு அத்தான் நிலையம் வரை வந்தார். தோட்டத்தை விடப்போகிறாரோ என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ரயில் வந்து நின்ற பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"சுமதி, ஏப்ரலில ஒரு பக்கெற் பூசணி விதை வாங்கி அனுப்பும். கடை விதை. கடைப்பேர் அடிச்ச பக்கெற்றை எறியாமல் அனுப்பும், ரூத் கேட்டால் காட்ட வேணும்."