அண்ணன் பார்க்காத நகைச்சுவைத் தொடர்

அண்ணன் இல்லாத ஓர் ஆண்டு முடிந்து இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதை அதிகம் சோதித்தவன் நான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கண் மங்கியதும் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறிக்குழியில் இறங்கினார். நான் கல்லூரி முடித்து ஆசிரியரானேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவின் முதல் டி.வி. எங்கள் வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு நகைச்சுவைத் தொடர். மாடியில் குடியிருப்பவரைக் காலி செய்ய வீட்டுக்காரர் வாராவாரம் திட்டம் போட்டுத் தோற்பார். பிற்காலத்தில் சலித்துவிட்டது, முதல் இரண்டு வருடங்கள் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தது.

அந்த இரண்டு வருடங்களும் அண்ணன் மொட்டைமாடியில் நின்றார். சென்னையிலிருந்து படம் வர வேண்டும். காற்றில் ஆன்டெனா திரும்பிவிடும். யாராவது அதன் குழாயைப் பிடித்திருக்க வேண்டும்.

“இன்னும் திருப்புண்ணே, புள்ளி புள்ளியா வருது!” என்று கத்துவேன். படம் பளிச்சென்று தெரியும்போதும் வேண்டுமென்றே அப்படியே கத்துவேன். கூடம் சிரிக்கும்.

முடிந்ததும் கையில் துருவோடு இறங்கி வந்து, “இன்னாடா நடந்துச்சு?” என்பார். நான் பொய்க் கதை சொல்வேன். மறுநாள் அவர் அதைத் தெருவில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நகைச்சுவைக் கதைதானே, அதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். கேட்டதைக்கூடப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் என்று தெரு முடிவு செய்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மாடிக் குடித்தனக்காரர் கிணற்றில் விழுந்து செத்துப்போனார் என்று சொன்னேன்.

“சாவுக்கா அவ்ளோ சிரிச்சீங்க?”

“விழுந்த விதம் அப்டிண்ணே.”

அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் அண்ணனைப் பார்க்க வந்தார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணின் புகைப்படத்தை அண்ணன் ஒரு வாரமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பெண்ணின் அப்பா பேச்சுக்கொடுத்தார்.

“இன்னாபா, டி.வி.யெல்லாம் பாக்கிறியா?”

“மேல இருப்பேன் மாமா. தம்பி பாப்பான். பாவம், அந்தக் குடித்தனக்காரரு செத்துட்டாரே. ரெண்டு நாளா மனசே சரியில்ல.”

“செத்துட்டாரா? நானும் பார்த்தேனே! கெணத்துல விழுந்தது வாளிபா!”

கூடம் வெடித்தது. முதலில் சிரித்தவன் நான்.

“எங்க வூட்டு எருமைக்குச் சொன்னாக்கூட புரிஞ்சிருக்கும்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

‘நான்தான் அப்படிச் சொன்னேன்’ என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. வாத்தியார் பொய் சொன்னார் என்று ஆகிவிடுமே என்று நான் வாய் திறக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். ‘தம்பிதான் அப்படிச் சொன்னான்’ என்ற வாக்கியம் அவர் வாயிலும் இருந்தது.

“நான்தான் தப்பா புரிஞ்சிக்கினேன் மாமா,” என்றார்.

மறுநாளே புகைப்படத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. பையன் நல்லவன், ஆனால் புத்தி மந்தம் என்ற பேச்சு எல்லா ஊருக்கும் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. வேறு யாரும் பெண் கொடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அண்ணன் மாடிக்குப் போனார். இறங்கி வந்தபின் கதை கேட்கவில்லை. அதன்பின் கேட்டதே இல்லை. என் பிள்ளைகளை அவர்தான் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார்.

கடைசி நாட்களில் என் பேத்தி கைப்பேசியில் அந்தப் பழைய தொடரைத் தேடி எடுத்து, “பாருங்க பெரிய தாத்தா,” என்று நீட்டினாள்.

“எனக்குக் கேட்டா போதும்மா,” என்று கண்ணை மூடிக்கொண்டார். கிணற்றில் ஏதோ விழுந்த சத்தம்; பிறகு சிரிப்பு.

“வாளிதான்டா,” என்றார் என்னிடம். அப்போதும் நான் பேசவில்லை. நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய தெருவாருக்கும் நன்றி. ஓர் உதவி பாக்கியிருக்கிறது. அண்ணன் மந்தமானவர் என்று உங்கள் பிள்ளைகளிடம் எப்போதாவது சொல்லியிருந்தால், மாற்றிச் சொல்லுங்கள். அந்தக் கதையை அவருக்குச் சொன்னவன் நான்.