பின்தண்டு

பெங்களூரில் விமான வடிவமைப்பு வேலையில் இருந்த அவர், எங்கள் தெருக் கோயில் உற்சவத்துக்காகச் சொந்த ஊரான காஞ்சிபுரம் வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி. அன்னதானத்தில் இன்னொரு பொரியல் போடலாம் என்றால்கூட, "அதனால யாருக்கு என்னா மாறுது?" என்று கேட்பார்.

முன்னும் பின்னும் தண்டு பிடித்துத் தோளில் தூக்கிப்போகும் சுவாமி வாகனத்துக்கு விளக்கு போடுபவன் நான். இந்த முறை ஜெனரேட்டர் வண்டி வேண்டாம், பேட்டரியை வாகனத்தின் பின்னால் மறைத்துக் கட்டலாம் என்றேன். "வெயிட்டு கொஞ்சம்தான் சார்." பூக்காரரும் குடைக்காரரும் தங்கள் பங்குக்கு அதையேதான் சொன்னார்கள்.

"எல்லாருதும் கொஞ்சம்தாம்பா. மொத்தமா பின்தண்டு தூக்குறவன் தோள்ல எவ்ளோ ஏறுது? அவன யாருமே கேக்கலியே."

எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் விடவில்லை. உற்சவத்துக்கு முந்தைய நாள் காலையில், சுவாமிக்குப் பதில் அரிசி மூட்டையை வைத்து, பேட்டரி, குடை, ஈரப் பூ எல்லாவற்றோடும் தூக்கிப் பார்க்கச் சொன்னார்.

"புது பிளேன்ல மொத நாளே ஜனங்கள ஏத்திக்கினு பறப்போமா?"

பின்தண்டுக்கு அவரே தோள் கொடுத்தார். தெருமுனையில் திரும்பும்போது வாகனம் பின்பக்கம் சாய்ந்து, அவர் கால் தடுமாறியது. எப்படியோ இறக்கி வைத்தோம். தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"நாளைக்கு தெரிய வேண்டியது இன்னிக்கே தெரிஞ்சிடுச்சு."

பூவைக் குறைத்தோம். பேட்டரியை நடுவில், பீடத்துக்கு அடியில் நானே மாற்றிக் கட்டினேன்.

மறுநாள் மாலை அதே முனையில் வாகனம் அலுங்காமல் திரும்பியது. தெருவே சுவாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் அவரைத் தேடினேன். கூட்டத்தின் ஓரத்தில் குனிந்து நின்று, பின்தண்டு தூக்கியவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.