அசையாமல் நின்றவன்

போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அதன் வெள்ளைக்காரத் துரையைப் படம் பிடித்தேன். படம் பதியும் கண்ணாடித் தட்டுகளில் மிஞ்சிய ஒன்றையும் துரையின் நாய்க்குச் செலவழித்துவிட்டேன்.

“அண்ணே, என் வீட்டுக்காரரு நாளைக்குப் பட்டாளத்தோட சண்டைக்குப் போறாரு. வெரசா ஒரு படம் எடுங்க” என்று தோட்டத்துப் பெண் ஒருத்தி கணவனை இழுத்து வந்தாள்.

தட்டு இல்லையென்று சொல்லாமல், வெறும் கேமராவின் மூடியைக் கழற்றினேன். ஆட்கள் சூழ்ந்தால் இப்படி ஏய்ப்பேன். பள்ளிக்கூடம் போகாத எனக்கு, படம் பிடிப்பதை விட்டால் தெரிந்த ஒரே வித்தை அது.

“அசைஞ்சா மூஞ்சி கொரங்காட்டம் விழும் மாப்ளே!” என்றேன். ஐந்து எண்ணினால் போதும்; கூட்டம் சிரிக்கட்டுமென்று நூறு எண்ணினேன். அதற்குள் அவன் காலில் அட்டை ஏறிக் கடித்தது. இமைகூட ஆடாமல் நின்றான்.

“அசையலண்ணே. நல்லா விழுந்துருக்கும்ல?” என்றான், ரத்தத்தைத் துடைத்தபடி.

“ராசா மாதிரி” என்றேன்.

அவன் சண்டையிலிருந்து திரும்பவில்லை. படத்தைக் கேட்டு அவள் போடியிலிருந்த என் கடைக்கு இறங்கி வந்தாள். படம் கெட்டுப்போச்சு என்றேன்.

“அவரு அசைஞ்சுட்டாரா?”

ஆமாமென்று தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் தட்டைப் போட்ட பிறகுதான் ஆளை நிறுத்துகிறேன். அவன் அசையவே இல்லை. அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.