மறந்து தின்ற திராட்சை

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிற திறமை எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. வக்கீலாக ஆகியிருக்க வேண்டியவள், எப்படியோ தப்பிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை என் முன்னால் வந்து நின்று, "மறந்து போச்சு டீச்சர்" என்று ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிடுவேன். அந்த வார்த்தையை நான் பயன்படுத்திய அளவுக்கு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வேறு யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

அந்த வருடம் நோன்பு மாதம் அரையாண்டு விடுமுறையோடு சேர்ந்து வந்தது. மதரஸாவில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹஜரத், சின்னப் பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை என்றாலும், விடுமுறையில் விடாமல் பத்து நோன்பு பிடிக்கிற பிள்ளைக்குப் பத்தாம் நாள் கஞ்சி ஊற்றுகிற வேலை என்று அறிவித்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் ஊரில் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி அண்டாவைத் திறப்பார்கள். பூண்டும் வெந்தயமும் கலந்த அந்த வாசனைக்கு எல்லாத் தெருக்காரர்களும் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். காய்ச்சல்காரருக்கு அந்தக் கஞ்சி ஆகும் என்று ஒரு நம்பிக்கை. அத்தனை பேர் முன்னாலும் முக்காலிமேல் ஏறி நின்று, என் உயரத்துக்கு இருக்கும் அகப்பையால் ஊற்றுவது என்றால் சும்மாவா? ஏற்கெனவே இரண்டு நோன்பைக் கோட்டை விட்டிருந்த என் மாமா மகன் அதைப் பார்த்து வயிறு எரிய வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அத்தாவோ திராட்சை எடுக்க வந்த வியாபாரியிடமெல்லாம், "எம் மக பத்தும் பிடிக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் காலை ஹஜரத் ஒரு சட்டம் சொன்னார். நோன்பு வைத்தவர் மறந்துபோய் எதையாவது சாப்பிட்டுவிட்டால் நோன்பு முறியாது. ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டால் போதும். மற்ற பிள்ளைகள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே எங்கள் திராட்சைத் தோட்டத்தில் எனக்கு முதல் மறதி வந்தது. பந்தலுக்குக் கீழே பன்னீர் திராட்சை தலையில் இடிக்கத் தொங்குகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் நோன்பில்லை, நான் நோன்பில்லை" என்று மனத்துக்குள் பத்துத் தடவை சொன்னேன். மறந்துவிட்டது என்று எனக்கே திருப்தியானதும் ஒரு கொத்தைப் பறித்தேன்.

நாலு பழம் உள்ளே போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"ஏ புள்ள! ஒனக்கு நோன்பு!"

எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த அக்காவின் மகள். என் வகுப்புத்தான். அவர்கள் வேதக்காரர்கள், அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை கிடக்கும். விடுமுறையில் அம்மாவோடு தோட்டத்துக்கு வந்து, பெட்டியில் அடுக்குகிற கொத்துகளிலிருந்து அழுகல் பழங்களைக் கிள்ளி எடுப்பாள்.

நான் திடுக்கிட்டவள்போல வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு அவளுக்குச் சட்டத்தை விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப ஞாபகப்படுத்த ஆளு வேணும்ல?" என்றாள். "இனிமே நா ஒங்கூடவே இருக்கேன்."

இப்படி ஒரு வம்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் என் நிழலானாள். நான் பந்தல் பக்கம் போனால் வந்துவிடுவாள், தண்ணீர்த் தொட்டியருகே குனிந்தால் குரல் கொடுப்பாள். நான் பார்த்து ஆசைப்படக் கூடாதென்று தன் சோற்றுத் தூக்கைக்கூட மோட்டார் ரூமுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். அங்கன போய்த் தின்றுவிட்டு வருகிறாள், கொடுத்து வைத்தவள் என்று நான் எரிச்சல்பட்டேன்.

ஆனாலும் மறதி என்னைக் கைவிடவில்லை. அவள் பெட்டி தூக்கப் போகிற இடைவெளியில் இரண்டு மூன்று பழமாவது மறந்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவள் காகிதத்தில் மடித்து இரண்டு அதிரசம் கொண்டுவந்தாள். "பொழுதடஞ்ச பெறகுதான் தின்னணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டையும் மறந்து தின்றேன்.

பத்தாம் நாள் வந்தது. பெருநாளுக்கு எடுத்த பாவாடை சட்டையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு முக்காலிமேல் ஏறினேன். கீழே வரிசை தெருமுனைவரை நின்றது. முன்னால் நாலைந்து பேர் தள்ளி அவளும், அவளுக்குப் பின்னால் அவள் அம்மாவும் நின்றார்கள். அகப்பையை ஹஜரத் என் கையில் கொடுக்கப் போன நேரத்தில் மாமா மகன் கத்தினான்.

"ஹஜரத்து, அவ நாக்க நீட்டச் சொல்லுங்க!"

பன்னீர் திராட்சை தின்றவர் நாக்கு, நாவல்பழம் தின்ற நாக்குக்கு அண்ணன். அன்று மத்தியானமும் எனக்கு மறதி வந்திருந்தது. வேறு வழியில்லாமல் நீட்டினேன். வரிசையில் சிரிப்பு கிளம்பியது. தூண் பக்கம் நின்ற அத்தாவை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

"மறந்து தின்னேன்," என்றேன். "மறந்து தின்னா முறியாதுன்னு நீங்கதான சொன்னீக?"

ஹஜரத் கண்ணைச் சுருக்கினார். "சொன்னேன்த்தா. மறந்ததுக்குச் சாட்சி இருக்கா?" விளையாட்டாகத்தான் கேட்டார்.

வரிசையைவிட்டு அவள் வெளியே வந்தாள்.

"நா சாட்சி. மறந்துதான் தின்னுச்சு. நா சொன்னதும் துப்பிருச்சு." கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டாள். "மாதா மேல சத்தியம்."

பொய்ச் சத்தியம் செய்தால் கண் அவிந்துபோகும் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாமி எதுவானாலும் அந்தத் தண்டனை ஒன்றுதான். அவளுடைய பெரிய கண்கள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அகப்பை, அத்தா, மாமா மகன் எல்லாம் மறந்துவிட்டது. அந்தப் பத்து நாளில் எனக்கு வந்த ஒரே உண்மையான மறதி அதுதான்.

"மறக்கல!" என்று கத்தினேன். "ஒருநாக்கூட மறக்கல. வேணும்னுதான் தின்னேன். அதிரசத்தையும் தின்னுட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவ சத்தியம் செல்லாது!"

அழுகையோடு முக்காலியிலிருந்து இறங்கினேன். முற்றத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மட்டும் ஆச்சரியப்படவில்லை; நான் சொன்னது அவளுக்குப் புதுச் செய்தியே இல்லை என்பதுபோல நின்றாள். அது எனக்கு அப்போது கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

ஹஜரத் தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப இன்னிக்கு யாருத்தா ஊத்துறது?" என்று என்னையே கேட்டார்.

நான் அவளைக் கைகாட்டினேன். ஹஜரத் அகப்பையை அவளிடம் நீட்டினார். அவள் சிலுவையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு முக்காலிமேல் ஏறினாள். அவளுடைய தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வரிசையில் அவள் இடத்தில் நான் நின்றேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். என் முறை வந்தபோது வாளி வழியுமளவுக்கு ஊற்றினாள்.

எனக்குப் பின்னால் நின்ற அவள் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் அலுத்துக்கொண்டார். "என்ன புள்ளையோ. இந்த லீவு முழுக்க மத்தியானச் சோத்த அப்பிடியே திருப்பிக் கொண்டாருது. கேட்டா பசிக்கலேங்குது."

அத்தா என்னைத் திட்டவில்லை. பொழுதடைந்து மஃரிப் பாங்கு சொன்னதும் வழக்கம்போல முதல் பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார். அதை வாயில் போட முடியாமல் அழுதேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தது. நான் யாரிடமும் சொல்லாமல், எந்த அகப்பைக்கும் ஆசைப்படாமல், முதல் முறையாக நிஜ நோன்பு பிடித்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் மட்டும் தூக்கைத் திறக்காமல் வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடவில்லையா என்று கேட்டேன். பசிக்கலே என்றாள். எனக்கோ வயிறு பிடுங்கிக்கொண்டிருந்தது. இப்படிப் பசியே எடுக்காத வயிறு இவளுக்கு வாய்த்திருக்கிறதே என்று, அன்று சாயங்காலம்வரை அவள்மேல் எனக்கு ஒரே பொறாமை.